முதல் ஜீப்பில் ஏறிப்போன பாதிப் பாடம்

பிள்ளைகளா, உங்கள் அப்பா ஒரு காலத்தில் பாடம் நடத்தியவன் என்று சொன்னால் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். பழைய எஸ்.எஸ்.எல்.சி.யை முட்டி மோதித் தாண்டியவன்தான் நான். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் போடி ஜீப் ஸ்டாண்டில், விடிகிற வேளையில், ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிறவர்களுக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் எடுத்தவனும் நான்தான். நீங்கள் மைக்ரோபயாலஜி என்று நாக்கு சுளுக்கச் சொல்கிறீர்களே, அதுதான். அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அப்போது எனக்கே தெரியாது.

அந்த நாளில் நான் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து கலக்குவேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், ஊசியைக் கொதிக்க வைப்பேன். டாக்டரிடம் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. அதற்குக் கரண்டு தேவையில்லை. அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியைச் சன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தை மேலே அனுப்ப வேண்டும். முதல் நாள் அதில் நான் பார்த்தது என்னுடைய கண்ணிமை மயிரைத்தான். அது தெரியாமல், பெரிய கிருமி ஒன்றைப் பிடித்துவிட்டதாக எண்ணிப் படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு சந்தையே நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தபின், யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாத ஆளாகிவிட்டேன்.

ஏலக்காய் எடுப்பு தொடங்கினால் எங்களிடமும் கூட்டம் தொடங்கிவிடும். மலையில் வேலை செய்கிறவர்கள் தாகத்துக்கு ஓடையோரக் குழியில் தேங்கி நிற்கும் தண்ணீரை அள்ளிக் குடிப்பார்கள். ஒதுங்குவதும் அந்த ஓடைப் பக்கம்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள், மருந்து வாங்குவார்கள், தேறினதும் மறுபடி அதே குழி. கேட்டால், "மலைத் தண்ணி மூலிகைத் தண்ணிண்ணே, அதுல என்ன வந்துரப் போகுது?" என்பார்கள்.

டாக்டர் ஒரு நாள் சலித்துப்போனார். "நான் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுறாங்க. நீ அவங்க பேச்சுல சொல்லு. தண்ணியில என்ன இருக்கு, ஏன் காய்ச்சிக் குடிக்கணும், இவ்வளவுதான்" என்றார்.

எங்கே சொல்வது? மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பது ஜீப் ஸ்டாண்டில்தான். சிலமலை, பொட்டிபுரம் என்று சுற்று ஊர்களிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஜீப்புக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். நிறைவது என்றால் உட்கார இடம் தீர்வது அல்ல. பின்படியில் தொங்க இடம் தீர வேண்டும், டிரைவர் பாதி உடம்பை வெளியே வைத்து ஓட்டுகிற நிலை வர வேண்டும். அதுவரை அவர்கள் தூக்குச்சட்டியும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்கள். அந்த இடைவெளிதான் என் வகுப்பு.

முதல் வகுப்பிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிருமி என்றால் கண்ணுக்குத் தெரியாத உயிர் என்று ஆரம்பித்தேன்.

"தெரியாதுன்னா எப்படிண்ணே நம்புறது? பேயக்கூடத்தான் தெரியாதுங்கிறாக" என்றாள் ஒருத்தி.

"அதுல ஆம்பளை, பொம்பளை உண்டா தம்பி?" என்று கேட்டார் பின்படியில் தொங்கத் தயாராக நின்ற ஒருவர்.

"இல்லண்ணே. ஒண்ணு நல்லாத் தின்னு பெருத்து, நடுவுல பிரிஞ்சு ரெண்டாயிரும். ரெண்டு நாலாகும்."

"அடேயப்பா! கல்யாணச் செலவே இல்ல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிருமியின் மேல் எல்லாருக்கும் ஒரு பொறாமையே வந்துவிட்டது. தண்ணீர் காய்ச்சுகிற விஷயத்துக்கு நான் வருவதற்குள் ஜீப் போய்விட்டது.

பார்க்காததை நம்ப மாட்டார்கள். மைக்ராஸ்கோப்பை அந்தக் கூட்டத்துக்குள் கொண்டுபோகவும் முடியாது. தினமும் கையாளுகிற பொருளைக் காட்டிச் சொல்லலாம் என்று யோசித்தேன். அப்போது கண்ணில் பட்டது மோர்ப்பானை.

அந்தப் பானைக்குச் சொந்தக்காரி சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. அவளும் முன்பு மலைக்குப் போனவள்தான். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாளெல்லாம் குந்தி உட்கார்ந்தே நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் விட்டுப்போய், எருமையையும் மோரையும் நம்பிக் கீழேயே தங்கிவிட்டாள். வாய் மட்டும் மலையேறும். அவளிடம் ஒரு டம்ளர் மோர் குடிப்பவன் இரண்டு ஏச்சும் சேர்த்து வாங்காமல் போக முடியாது.

அன்று அவள் பானையைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். "கிருமி எங்கயோ இல்ல. இந்தா, அக்கா மோர்லயே இருக்கு. ஒரு டம்ளர்ல கோடிக்கணக்குல இருக்கும்…"

பாம் பாம் என்று ஹாரன். டிரைவர் கேரளப் பக்கம் ஓடி ஓடிப் பாதி மலையாளம் பேசுகிறவர். "மதி, மதி! போதும், ஏறு, ஏறு!" என்றார். முதல் ஜீப் கிளம்பிவிட்டது. நான் அசரவில்லை. அடுத்த ஜீப்புக்கு நின்றவர்களிடம் பாடத்தை முடித்தேன். "அதெல்லாம் நல்ல கிருமி. பாலைத் தயிராக்குறதே அதுகதான். வயித்துக்கு நல்லது. குழித் தண்ணியில இருக்கறதுதான் கெட்டது." அக்காவும் தலையை ஆட்டி, "கேட்டுக்கங்கடி, எம்மோரு வயித்துக்கு நல்லதாம்" என்று இரண்டு டம்ளர் கூடுதலாக விற்றாள்.

ஆனால், முதல் ஜீப்பில் போன பாதிப் பாடம் ஒரு பக்கமாக மலையேறிவிட்டது. காய் எடுக்கிற இடத்தில் பேச்சுக்கா பஞ்சம்? ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குத் தாவி, சாயங்காலம் கீழே இறங்கும்போது அது வளர்ந்திருந்தது. மறுநாள் காலையில் என் காதுக்கு வந்தது இப்படி: சிலமலைக்காரி மோரில் புழு நெளிகிறதாம். கம்பவுண்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டாராம். டாக்டர் ஊரைக் கூட்டிச் சொல்லச் சொன்னாராம்.

ஜீப்புகள் நிறைந்தன, போயின. மோர்ப்பானையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாவது நாள் அவள் நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடுப்பில் நிறைபானை. காலை இழுத்து இழுத்துப் படியேறி, என் மேஜை மேல் பானையை வைத்தாள்.

"குடி."

"அக்கா…"

"அக்காவாவது நொக்காவாவது. நீ சொன்ன கோடியையும் நீயே குடி. எண்ணிக் குடி. எருமை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை நீதான் வாங்கிப் போடணும் இனிமே. இல்ல, இந்தக் காலோட என்னைய மறுபடி மலையேத்தி விடு."

டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு டம்ளர் மோரை வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மோர்ல தப்பே இல்லம்மா. ஆனா அதுல ஊத்துற தண்ணி எந்தத் தண்ணி?" என்று கேட்டுவிட்டார்.

அவள் முகம் மாறிவிட்டது. "தண்ணியா? நான் தண்ணி ஊத்துறத எவன் பாத்தான்? எம்மோரு கெட்டி மோரு!"

மோர் விற்கிறவளிடம் கேட்கவே கூடாத கேள்வி அது. உலகத்தில் எந்த மோர்க்காரியும் மோரில் தண்ணீர் ஊற்றுவதில்லை. குடிக்கிறவனும் ஊற்றவில்லை என்றே நம்புகிறான். அந்த மரியாதையில்தான் வியாபாரம் ஓடுகிறது. அவள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பக்கம்கூடத் திரும்பாமல் இறங்கிப்போனாள்.

டாக்டர் கேட்டது சரியான கேள்வி என்பதும் எனக்குத் தெரியும். நல்ல கிருமி இருக்கிற மோரில் கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக ஊற்றினால் கெட்டதும் கூடவே வரலாம். அவளுக்காக நான் பரிந்து பேச வேண்டும். தண்ணீர் விஷயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். ஸ்டாண்டில் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். பாடத்தைத் திருப்பிப் போட்டு, நல்லதை முதலில் சொல்லித் தொடங்கினேன்.

"நல்ல கிருமியா? நல்ல திருடன்ங்கிற மாதிரியில்லண்ணே இருக்கு" என்றார்கள். விளக்குவதற்குள் ஹாரன் அடித்துவிடும். அந்த ஹாரன் இருக்கிறவரை என்னால் எதையும் முழுதாகச் சொல்ல முடியாது என்று தெரிந்துபோனது.

பிறகு ஒரு நாள் காலை. பானை இருக்கும் இடத்தில் பானை இல்லை. அக்கா தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் நிற்கிறாள். முழங்காலில் பழைய சீலைத் துணிக் கட்டு.

"என்னத்தா, பானையை விட்டுட்டுச் சாக்கத் தூக்கிட்ட?" என்றார் டிரைவர்.

"எனக்கென்ன சோலி இங்க? மோரத்தான் பூதக்கண்ணாடி குடிச்சிருச்சே" என்றாள், எனக்குக் கேட்கும்படியாக. இரண்டு பேர் கைகொடுத்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன்.

டாக்டர் அன்று மதுரைக்குப் போயிருந்தார், ஆஸ்பத்திரி மூடியிருந்தது. நான் என்ன நினைத்தேனோ, நானும் அதே ஜீப்பில் ஏறிவிட்டேன். இடமில்லை என்று திட்டினார்கள். ஒருத்தியின் தூக்குச்சட்டிக்கும் இன்னொருத்தியின் முழங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது. இனி யாரும் இறங்கிப்போக முடியாது. ஹாரன் அடித்தாலும் வளைவுக்குத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு முழு வகுப்பு கிடைத்திருக்கிறது.

"ஒரு கேள்வி கேக்குறேன். வீட்டுல தயிருக்கு உறை ஊத்துறீங்கள்ல? பாலு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே ஊத்துனா என்ன ஆகும்?"

"இது ஒரு கேள்வியாண்ணே? உறையாது" என்றாள் எதிரே இருந்தவள்.

"ஏன் உறையாது?"

"சூட்டுல வெந்து போயிரும்ல."

"எது வெந்து போகும்?"

அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "உறை மோருதான்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"உறை மோரும் தண்ணி மாதிரி ஒரு சாமான்தான? தண்ணி வெந்து போகுமா? ஆறுனா பழையபடி தண்ணிதான? பாலு ஆறுனப்புறமும் ஏன் உறையல? அதுக்குள்ள செத்துப்போறது எது?"

ஜீப் ஒரு வளைவில் ஒடிந்து திரும்பியது. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"அப்ப உசுரு இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. மூலையில் காலை நீட்ட முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்த மோர்க்கார அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "அதான் குளுருல உறையறதுக்கு நேரமாகுது. மலைமேல கெடக்குறவளுகளுக்குத் தயிரு நேரத்துக்குத் தோயாது. அதுகளுக்கும் வெதுவெதுன்னு இருக்கணும்போல."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. தலைக்கு மேல் ஜீப்பின் கம்பி இருந்ததால் குதிக்கவில்லை. "அதேதான்க்கா! அந்த உசுரத்தான் நான் கிருமின்னு சொன்னேன். ஆயுசு பூரா நீங்க எல்லாரும் அதை வளத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க. இன்னைக்குத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து நாளைக்கு ஊத்துறீங்கள்ல, அது விதை எடுத்து வைக்கிற மாதிரி. குழித் தண்ணியில இருக்கறது வேற சாதிப் பயிரு. அது வயித்துல முளைச்சாத் தொந்தரவு. ரெண்டையும் கொதிக்க வச்சா ரெண்டும் சாகும். அதனாலதான் தண்ணியக் காய்ச்சுங்கிறேன், மோரைக் காய்ச்சாதீங்கங்கிறேன்."

ஜீப் அடுத்த வளைவையும் ஏறியது. பிறகு, எதிரே இருந்தவள் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்ப அக்கா மோர்ல ஊத்துற தண்ணி…"

ஜீப்பே அக்கா பக்கம் திரும்பியது. டிரைவர்கூட ஒரு கணம் திரும்பினார், "ரோட்டைப் பாருண்ணே!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"நான் தண்ணி ஊத்துறேன்னு எவடி சொன்னா?"

எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் ஒருத்தி முந்தானையில் வாயைப் பொத்தினாள், பிறகு அடுத்தவள். அக்கா ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவளுக்கே தாங்கவில்லை.

"ஊத்துறேன்டி! ஊத்தாம? தயிரக் கடைஞ்சு அப்படியே விக்க நான் என்ன ஜமீனா? ஊருக் கெணத்துத் தண்ணிதான் ஊத்துறேன். போதுமா?"

"காய்ச்சி ஊத்துங்கக்கா" என்றேன்.

சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அத்தனை நாளைக்குப் பிறகு நேருக்கு நேர். "ஏன்ய்யா, இப்பத்தான் வெந்து போகும்னு வாய் கிழியச் சொன்ன. காய்ச்சின தண்ணிய ஊத்துனா எம்மோர்ல இருக்கற நல்லது மட்டும் பொழைச்சுக்கிருமாக்கும்?"

பிள்ளைகளா, அவ்வளவு சரியான கேள்வியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "ஆற வச்சு ஊத்தணும்க்கா. நல்லா ஆறணும்" என்றேன். "அத மொதல்லயே சொல்லணும்ல. பாதி பாதியாச் சொல்றதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்றாள்.

மலையுச்சியில், மெட்டில் மூடுபனி. முன்னால் நிற்கிற ஆள் தெரியவில்லை. நான் அங்கே இறங்கிக்கொண்டேன். அவளும் இறங்கி, மற்றவர்களோடு தோட்டத்துப் பாதையில் போனாள். கொஞ்ச தூரத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பனிக்குள் போய்விட்டாள். நான் ஒரு டீ குடித்துவிட்டு பஸ்ஸில் கீழே வந்தேன். பாடம் நன்றாக நடந்தது என்ற சந்தோஷம் பாதி வழிக்கு மேல் தாங்கவில்லை. பாடம் புரிந்தால் மட்டும் அவள் கால் சரியாகிவிடுமா?

அதற்குப் பிறகு சில நாள் அவளை ஸ்டாண்டில் காணோம். ஜீப்பிலும் இல்லை. மலைக்குப் போன அன்றே கால் வீங்கிப் படுத்துவிட்டாள் என்றார்கள். எருமையை விற்கப் போகிறாள் என்றும் ஒரு பேச்சு.

ஒரு காலையில் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே அந்தக் குரல் கேட்டது.

"காய்ச்சி ஆத்துன தண்ணி ஊத்துன மோரே! வாங்க, வெரசா வாங்க!"

பழைய இடத்தில் பழைய பானை. பின்படியில் தொங்குகிற அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏத்தா, தண்ணி ஊத்துறேன்னு கூவி மோரு விக்கிறவள நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்!"

"மத்தவளுக எல்லாம் ஊத்தாமயா விக்கிறாளுக? அவளுக ஊத்துறது பச்சத் தண்ணி, நான் ஊத்துறது காய்ச்சுன தண்ணி. குடிக்கிறியா, தொங்குறியா?"

சிரிப்பு ஓய்வதற்குள், அன்று ஜீப்பில் எதிரே உட்கார்ந்திருந்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டம்ளரை வாங்கினாள். எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தாள். "கோடி உசுரு உள்ள போயிருச்சுடி" என்று வயிற்றைத் தடவினாள். அன்று ஜீப்பில் வந்த இன்னும் சிலர் அவளுக்குப் பின்னால் வந்தார்கள். முழுப் பாடம் கேட்டவர்கள் அல்லவா! புதிதாக வந்தவர்களுக்கு அவர்களே விளக்கம் சொன்னார்கள். "வெந்து போறது எதுன்னு சொல்லு பாப்போம்?" என்று ஒருத்தி என் கேள்வியை என்னைவிட மிடுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அங்கே வேலையே இல்லை.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி காலித் தூக்குவாளியை நீட்டி, "இதுலயும் ஊத்துக்கா, மேல போய்க் குடிச்சுக்கிறேன். குழியில குனிய வேண்டாம்ல" என்றாள். அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். மூடியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்து, "நேத்துக் கொழம்பு வாசம் வருது, கழுவிட்டுக் கொண்டா" என்று ஒரு வாளியைத் திருப்பி அனுப்பினாள் அக்கா. அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மலையில் வயிற்றுப்போக்கே இல்லாமல் போய்விட்டது என்று அளக்க மாட்டேன். எங்கள் டிரைவர் கடைசிவரை குழித் தண்ணீர்தான் குடித்தார், மருந்தும் குடித்தார். ஆனால் எருமை விற்கப்படவில்லை. அந்த எடுப்புக் காலம் முடிகிறவரை பானை காலியாகித்தான் சிலமலைக்குத் திரும்பியது.

அவள் பானையோடு திரும்பி வந்த அந்த முதல் நாள், கடைசி ஜீப்பும் போனபின், பானையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா அதை ஒரு டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "டம்ளரக் கழுவிக் கொண்டா" என்று மட்டும் சொன்னாள்.

உங்கள் அம்மா அப்போது மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு தேவாரம் என்கிற ஊரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சாயங்காலம், அக்கா கொடுத்த மோரில் பாதியைக் குடிக்காமல் வைத்து, டம்ளரோடு வீட்டுக்கு வந்தேன். அதுவரை நான் ஒரு நாளும் தயிருக்கு உறை ஊற்றியவன் இல்லை. பாலைக் காய்ச்சி இறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆறட்டும் என்று காத்திருந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலை விட்டுச் சூடு பார்த்தேன். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி கழுவி, மறுபடி பார்த்தேன். டம்ளரில் இருந்த மோரில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி மூடினேன். மலையிலிருந்து இறங்குகிற காற்று சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. சட்டியை அந்தப் பக்கமிருந்து எடுத்து, அடுப்படி மூலைக்குத் தள்ளி, என் துண்டைச் சுற்றி வைத்தேன்.